நான் சிரித்தது அவருக்குக் கேட்டிருக்கிறது

மண்டூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறேன். இரண்டாவது பிள்ளையைப் பெற ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கிளினிக் கொப்பியில் என் தொழிலைப் பார்த்த மிஸ்ஸி அதன் பிறகு என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டார். தாதியரை நாங்கள் மிஸ்ஸி என்போம். இடுப்பு வலித்தபோது தடவிவிட்டார். குடிக்கத் தண்ணீர் பிடித்துத் தந்தார்.

பிரசவ அறையில் பக்கத்துக் கட்டிலில் பெரியகல்லாற்றுப் பெண் ஒருத்தி கிடந்தாள். எழுதும்போது மிஸ்ஸிக்கு ‘அவர்’ வருகிறது, இவருக்கு ‘அவள்’ வந்துவிடுகிறது. திருத்திக்கொள்கிறேன். அவருடைய கணவர் வாவியில் இறால் பிடிப்பவர். இவருக்கு அது ஐந்தாவது பிள்ளை. வலியில் விரிப்பு நனைந்துவிட்டது. மறைப்புத் துணி இழுத்து மூடப்படாமல் இருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் போனார்கள்.

“மிஸ்ஸி, மேல போட ஒரு துணி தாங்க” என்று கேட்டார். யாரும் கொடுக்கவில்லை. என் தலைமாட்டில் மடித்த சேலை ஒன்று இருந்தது. நானும் கொடுக்கவில்லை.

அடுத்த வலிக்கு அவர் கத்தினார். மிஸ்ஸி என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார்: “அஞ்சாவதுக்கும் இந்தக் கத்தலா? புருசனோட படுக்கக்குள்ள கத்தல்லதானே?”

நான் சிரித்தேன். பெரிதாக இல்லை, மூக்கால் ஒரு சிரிப்பு. மிஸ்ஸி என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னதால் சிரித்தேன். எனக்கும் வலி கூடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நானும் கத்துவேன் என்று தெரியும். அப்போது அந்தக் குரல் என்மேல் திரும்பக் கூடாது என்று பயந்தேன். பிறகு மிஸ்ஸி, “காலை விரி” என்று அவருடைய தொடையில் இரண்டு அடி வைத்தார். அதையும் பார்த்தேன்.

இரண்டு பேருக்கும் சுகப் பிரசவம். வாட்டிலும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்தான் கிடைத்தது. எனக்குத் தையல் போட்டிருந்ததால் எழும்ப முடியவில்லை. என் மகள் அழும்போதெல்லாம் அவர்தான் தூக்கி என் மார்பில் வைத்தார். “இப்பிடிச் சரிச்சுப் பிடிங்க டீச்சர், பால் வரும்” என்றார்.

மறுநாள் பார்க்க வந்த அவருடைய மச்சாள், தொடையில் விரல் தடம் நீலமாகக் கிடப்பதைக் கண்டு, வாட்டுக்குப் பொறுப்பான பெரிய மிஸ்ஸியிடம் போய்ச் சொன்னார். பெரிய மிஸ்ஸி நேரே என் கட்டிலுக்கு வந்தார்.

“டீச்சர், நீங்க பக்கத்திலதானே இருந்தீங்க. அடிச்சதக் கண்டீங்களா?”

“எனக்கும் வலி, மிஸ்ஸி. ஒண்டும் கவனிக்கல்ல.”

அந்தப் பெண் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மச்சாள் எதையோ சொல்ல வாயெடுத்தார். “விடுங்க மச்சாள்” என்று அவரே தடுத்துவிட்டார். அன்று பின்னேரம், ஆஸ்பத்திரியிலிருந்து விடுவிக்கும் துண்டு வெட்டி வீட்டுக்குப் போனார்கள்.

ஐந்து மாதம் பொறுத்து, வாவியைக் கடக்கும் பாதையில் ஏறி அக்கரைக்குப் போய், விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப்போகும் மிதவையைத்தான் எங்கள் ஊர்களில் பாதை என்போம். அவர் முற்றத்தில் உட்கார்ந்து வலையில் சிக்கிய பாசியை நீக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

“அண்டைக்கு அடிச்சத நான் கண்ட நான்” என்றேன். “பொய் சொல்லிட்டன்.”

“தெரியும் டீச்சர்.”

கொஞ்ச நேரம் பாசியை நீக்கினார். பிறகு நிமிர்ந்து, “மிஸ்ஸி ஏசுவா, அடிப்பா, அது தெரிஞ்சுதான் போறம். நீங்க ஏன் சிரிச்சீங்க? அதுதான் எனக்கு விளங்கல்ல” என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பயத்தில் சிரித்தேன் என்று சொல்ல நினைத்தேன். அவர் பட்ட பாட்டுக்கு முன்னால் அது வாயில் வரவில்லை.

“இப்பவாவது ஆஸ்பத்திரிக்கு முறைப்பாடு எழுதிக் கொடுக்கட்டா?” என்றேன்.

“எழுதுறண்டா எழுதுங்க. என்ட பேரப் போடாதீங்க. புள்ளைக்கு ஊசி போட அங்கதான் கொண்டுபோற.”

எழுதினேன். மிஸ்ஸி சொன்னதையும் அடித்ததையும் எழுதுவது சுலபமாக இருந்தது. ‘நானும் சிரித்தேன், கேட்டபோது பொய் சொன்னேன்’ என்ற வரியை இரண்டு தாளில் விட்டுவிட்டு, மூன்றாவதில்தான் சேர்த்தேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கடிதத்தை வாசித்த அதிகாரி அந்த வரியில் பேனையை வைத்து, “இது தேவையில்லையே டீச்சர், வெட்டிவிடுவமா?” என்று மரியாதையாகக் கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

மிஸ்ஸியை வேறு வாட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைச் சொல்லவாவது பெரியகல்லாற்றுக்குப் போகலாம். இன்னும் போகவில்லை.