வண்டியோடு வெளியே நின்றவர்

என் வீட்டுக்காரர் ஷட்டர் மெக்கானிக். கடைத்தெருவில் எவருடைய ஷட்டர் பாதியில் சிக்கினாலும் அவருக்குத்தான் போன் வரும். கடைக்காரர்கள் பொறுமையில்லாமல் கொக்கியை மாட்டி இழுத்துக்கொண்டிருந்தால் தெருவே கேட்கும்படி கத்துவார். "இழுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? ஸ்பிரிங் போச்சுன்னா யாரு பொறுப்பு?" வெளியே அப்படி ஒரு வாய். வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்த வாய்க்குப் பூட்டு.

கல்யாணமான முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. நெருங்கினாலே அவருக்கு வலி. முன்தோல் இறுக்கம். பின்னால் போகவே போகாது. மீறினால் வெடித்து ரத்தம் கசியும். "எனக்கு எப்பவும் இப்படித்தான். யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவமாக இருந்தது. டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினேன். "போலாம், போலாம்" என்றார். அந்தப் 'போலாம்' இரண்டு வருடம் ஓடியது.

அதற்குள் குழந்தை இல்லையென்று மாமியார் என்னை டாக்டர் டாக்டராக அலைய வைத்தாள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை, மறுபடி ஸ்கேன். ஒவ்வொரு முறையும் கூட்டிப்போனவர் இவர்தான். வாசலில் இறக்கிவிட்டு, வண்டியில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டு நிற்பார். உள்ளே டாக்டரம்மா, "உங்க ரெண்டு பேருக்குள்ள எல்லாம் சரியா இருக்காம்மா?" என்று கேட்பார். "இருக்கு மேடம்" என்று பரிசோதனைக் கட்டிலில் படுத்த வாக்கில் பொய் சொல்வேன். அவர் மானத்துக்கு என் உடம்பு வாடகை கொடுத்தது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசியில் மாமியார் நாள் குறித்தாள். ஞாயிற்றுக்கிழமை என் அப்பாவையும் அண்ணனையும் வரவழைத்து என்னைக் கையோடு அனுப்பிவிடுவதாக முடிவு. "இந்த மலடியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசினாள். இவர் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் குளியலறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. முனகல் கேட்டது. கதவை இடித்துத் திறக்க வைத்தேன். தரையில் ஷட்டருக்குப் போடும் எண்ணெய்க் குப்பி. ஊருக்கெல்லாம் இழுக்காதே என்று கத்துகிற மனுஷன், எண்ணெயை விட்டுப் பலம் கொண்டமட்டும் இழுத்திருக்கிறார். பின்னால் போன தோல் திரும்பி வரவில்லை. வளையமாக இறுக்கிப் பிடித்து, நுனி வீங்கிக் கருத்துக்கொண்டிருந்தது.

"நாளைக்குள்ள சரியாயிட்டா யார்கிட்டயும் சொல்ல வேண்டாமேன்னு..."

"அறிவிருக்கா உங்களுக்கு? எழுந்திரிங்க!"

ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினேன். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, வீக்கத்தை அழுத்தி வடியவைத்து, தோலை முன்னுக்குக் கொண்டுவந்தார். பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"இன்னும் லேட்டாயிருந்தா ரத்த ஓட்டமே நின்னுருக்கும். இது நிறைய பேருக்கு இருக்கறதுதாங்க. புண் ஆறினதும் களிம்பு தர்றேன். அதைத் தடவி, வலிக்காத அளவுக்கு மெதுவா தளர்த்திட்டு வரணும். பலவந்தம் கூடவே கூடாது. அதுல சரியாகலைன்னா சின்ன ஆபரேஷன். அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்."

அவ்வளவுதான். ஒரு களிம்பு. அதற்காக என் இரண்டு வருடம்.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் நானே போட்டு உடைத்தேன். "ஆம்பளைக்கு அதெல்லாம் வராது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். மாமியார், எதுவுமே நடக்காதது போல, "இவளுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்து ஓஞ்சுட்டோம் சம்பந்தி" என்று ஆரம்பித்தாள். நான் இவரையே பார்த்தேன். இன்றைக்கும் வாய் திறக்காவிட்டால் பையை எடுத்துக்கொண்டு நானே கிளம்பிவிடுவது என்று இருந்தேன். கால்களை அகட்டி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"குறை எனக்கு. இவளுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத் தோல் இறுக்கம். அதான் சேர முடியல. தெரிஞ்சே இவளை அலையவிட்டேன்."

"வாயை மூடுடா!" என்றாள் மாமியார்.

"மூடினதுதாம்மா தப்பு."

அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தான். அப்பா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். நான் பையை எடுக்கவில்லை. ஆனால் கோபம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அடுத்த வாரம் டாக்டர் வரச்சொல்லியிருந்தார். மருத்துவமனை வாசலில் இறங்கியதும் இவர் என் கையைப் பிடித்து, "நீயும் உள்ள வாயேன்" என்றார்.

கையை விடுவித்துக்கொண்டு வண்டிச் சாவியை வாங்கினேன்.

"நீங்க போய்ப் படுங்க. நான் வண்டிகிட்ட நிக்கறேன்."