ஆள் ரைட்டா?

எங்க ஹால்ல எப்பவும் ஒரு பெரிய கூட்டம் சிரிக்கிற சத்தம் கேட்டுட்டே இருக்கும்...

வீட்ல இருந்தது என்னவோ நாலே பேர். சிரிச்சது டிவி. ஜன்னல் ஏசி லாரி மாதிரி கடகடன்னு ஓடும், அதைத் தாண்டிக் கேக்கணும்னு வால்யூமை முழுசா ஏத்தி வச்சிருப்போம். பக்கத்து ஃப்ளாட் பாகிஸ்தானி ஆன்ட்டி, தினமும் வீட்ல விருந்தான்னு லிஃப்ட்ல அம்மாவைக் கேட்டாங்க. அன்னிக்கு அம்மா வச்சது ரசம்.

பன்னெண்டாவது படிக்கிற கழுதைக்கு என்ன பழைய நினைப்புன்னு யாரும் கமெண்ட் போட வேணாம். ஆறாங்கிளாஸ் எனக்கு இப்பவே பிளாக் அண்ட் ஒயிட்லதான் தெரியுது.

அப்ப நாங்க ஷார்ஜா ரோலாவுல ஷேரிங் ஃப்ளாட். ஒரு ரூம்ல அப்பா, அம்மா, நான். இன்னொரு ரூம்ல கிருபா அங்கிள், யாழ்ப்பாணம். ஹாலும் கிச்சனும் பொது. லண்டன்ல இருக்கிற அவரோட அக்கா, ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய அந்த ஊர் காமெடி சீரியலா ஏத்திக் குடுத்திருந்தாங்க. சிட்காம். எல்லாரும் சோஃபாவுல "சிட்"... ஒருத்தராவது அமைதியா "காம்"? கிடையாது.

"விளங்காட்டியும் பரவாயில்லை அண்ணை, அவங்கள் சிரிக்கேக்க சேர்ந்து சிரியுங்கோ"ம்பார் கிருபா அங்கிள்.

அப்பா அப்படியே செய்வார். டிவி சிரிச்சு முடிச்சதும் இவர் ஆரம்பிப்பார். நான் வேணும்னே ஒண்ணுமில்லாத இடத்துல ஹாஹான்னு எடுத்து விடுவேன். அப்பாவும் கூட வருவார். பாவம்.

அந்த வருஷம்தான் அப்பா கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். லண்டன் பக்கத்து வெள்ளைக்காரர். அப்பா ஸ்டோர்கீப்பர். மேனேஜர் தினமும் காலையில ஸ்டோர் வாசல்ல நின்னு, அப்பாவைப் பாத்து "ஆல்ரைட்?"னு கேப்பாராம்.

மொத நாள் அப்பா, "லிட்டில் கோல்ட் சார்"னு ஜலதோஷத்தைச் சொல்லியிருக்கார். மறுநாளும் கேட்டார். "கேஸ் ட்ரபிள் சார்." அதுக்கு அடுத்த நாள் முழங்கால் வலி. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம இருக்கக் கூடாதுல்ல...

"தினம் என்னைப் பாத்தே கேக்குறார்டி. நான் என்ன சீக்காளி மாதிரியா இருக்கேன்?"

"ஆள் ரைட்டான்னு டவுட்டு போலப்பா."

"விபூதியக் கொஞ்சம் சின்னதா வச்சுட்டுப் போங்க," அம்மா சீரியஸா சொன்னாங்க. "நெத்தியில தைலம் தடவுன மாதிரி தெரியுதோ என்னவோ."

நான் விடல. "நம்மூர்ல கண்டக்டர் ‘ரைட்’டுன்னா வண்டி கிளம்பிரும். இவர் ‘ஆல் ரைட்’டுங்கிறார். மொத்தக் குடும்பமும் கிளம்பணும் போல."

யாரும் சிரிக்கல.

ஏன்னா அடுத்த மாசம் அப்பாவுக்கு விசா ரினியூவல். மெடிக்கல் டெஸ்ட் இருக்கு. அன்ஃபிட்னு வந்தா டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிருவாங்க. அப்பா விசாவுலதான் எங்க ரெண்டு பேர் விசாவும் தொங்குது. என் ஸ்கூலும்தான்.

அந்த நேரம் பாத்து கம்பெனி எச்ஆர் சேச்சி போன் பண்ணாங்க. "அண்ணா, ஷுகர் எந்தெங்கிலும் உண்டோ? மேனேஜர் சோதிச்சு." மலையாளத்துல எந்தெங்கிலும்னா ஏதாவது, சோதிச்சுன்னா கேட்டார்னு அர்த்தம். அப்பா காதுல அது டெஸ்ட்டுன்னே விழுந்துச்சு. அன்னிக்கு அவர் சாப்பிடல.

வியாழக்கிழமை சாயங்காலம், சும்மா இருக்க முடியாம டிவி போட்டோம்.

ஒருத்தன் மழையில நனைஞ்சுக்கிட்டு கதவைத் தொறந்து உள்ள வர்றான். "ஆல்ரைட்?" சோஃபாவுல இருந்தவன் பேப்பர்ல இருந்து தலையத் தூக்கவே இல்ல. "ஆல்ரைட்?"

"நிறுத்து!" அப்பா ரிமோட்டைப் பிடுங்கினார். ரிவைண்ட். திரும்பப் போட்டார். சீரியல்ல பக்கத்து வீட்டுக்காரி வந்தாள், "ஆல்ரைட்?" போலீஸ்காரன் வந்தான், "ஆல்ரைட்?" வந்தவன் கேக்குறான், இருந்தவனும் கேக்குறான். எவனும் பதில் சொல்லல.

"கிருபா, இந்த ஊர்ல எல்லாருக்குமா உடம்பு சரியில்ல?"

"அப்பிடி ஒண்டும் தெரியேல்லையே அண்ணை. எல்லாம் கொழுத்துப்போய்த்தான் இருக்குதுகள்."

அப்பா ரிமோட்டை சோஃபாவுல போட்டுட்டுத் தொடையத் தட்டினார்.

"அட... இது கேள்வியே இல்லடி! நம்ம ‘என்ன, சாப்பிட்டாச்சா’ மாதிரி!"

அம்மாவுக்கு அப்பதான் மூச்சு வந்துச்சு. "அவர் சாப்பிட்டாச்சான்னு கேட்டதுக்கா நீங்க கேஸ் ட்ரபிளச் சொன்னீங்க?"

அதுக்கப்புறம் வெள்ளி, சனி லீவு ரெண்டு நாளும் ஃப்ரிட்ஜ் முன்னாடி நின்னு அப்பாவுக்கு ஒரே ரிகர்சல். கோச் நான்தான். "வெறும் ஆல்ரைட் பத்தாதுப்பா, பின்னாடி ‘மேட்’ சேர்க்கணும், அதான் மரியாதை"ன்னு ஒரு பிட்டைப் போட்டேன். மேட்னா அந்த ஊர்ல நம்ம ‘மச்சி’ மாதிரி. நம்பிட்டார்.

ஞாயித்துக்கிழமை டூட்டி. மேனேஜர் வந்தார். "ஆல்ரைட்?"

அப்பா நிமிந்து நின்னு, "ஆல்ரைட் மேட் சார்!"

சாரை மட்டும் அவரால விட முடியல.

மேனேஜர் சிரிச்ச சிரிப்புல கையில இருந்த டீ சிந்திருச்சாம். அப்புறம்தான் சேச்சி விவரம் சொன்னாங்க... இந்தாள் தினம் ஒரு வியாதி சொல்றார், லீவு குடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கன்னு மேனேஜர்தான் சொல்லியிருக்கார். மெடிக்கல்ல ஃபிட். எங்க மூணு பேருக்கும் விசா அடிச்சு வந்துச்சு.

இப்ப அந்த மேனேஜர் ரிட்டயர் ஆகி அவர் ஊருக்குப் போயிட்டார். கிருபா அங்கிள் லண்டன்ல, அக்கா வீட்ல. நாங்க தனி ஃப்ளாட். நான் சிட்காம் பாக்கிறது போன்ல, ஹெட்போன் மாட்டிக்கிட்டு. இப்ப இருக்கிற மேனேஜர் ஸ்டோர் பக்கமே வர மாட்டார். எல்லாம் வாட்ஸ்அப் குரூப்தான். காலையில ஒரு கட்டைவிரல் வரும்.

போன வாரம் அப்பாவுக்கு நிஜமாவே பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சாச்சு. பெருசா ஒண்ணுமில்ல, தினம் ஒண்ணு.

"ஆபீஸ்ல சொல்லிட்டீங்களாப்பா?"

"யாராச்சும் கேட்டாத்தானடி சொல்றதுக்கு..."