அத்தை பாலம் தாண்டிய நாள்

என் அத்தை சைப்ரஸில் இருக்கிறாள் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சொல்வது 'பாவம்' என்பதுதான். கொழும்பில் நான் வேலை பார்க்கும் இடத்திலும் அப்படித்தான். தோட்டத்துப் பெண், தனியாள், வெளிநாடு என்று காதில் விழுந்ததுமே அவர்கள் முகம் சாவு வீட்டுக்குள் நுழைகிற முகமாகிவிடும். எனக்குப் பொல்லாத கோபம் வரும். அத்தையைப் பாவம் பார்க்க இவர்கள் யார்? அன்றைக்குப் பாவம் பார்த்திருக்க வேண்டியது என் பெரியப்பாவைத்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். லுணுகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அப்பாவின் தங்கையான அத்தை, சைப்ரஸிலிருந்து முதல் தடவையாக லீவில் வந்திருந்தாள். போகும்போது ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத்தான் போனாள். கிழவி செத்ததும் அழுதுகொண்டு திரும்பி வருவாள் என்று எங்கள் வீடு இருந்த லயத்து வரிசையே காத்திருந்தது. அவளோ அங்கேயே ஒரு தையல் கடையில் வேலை தேடிக்கொண்டாள். ஜன்னல் ஓரத்தில் அவளுக்கென்று ஒரு மெஷின், கடைக்கு மேலே அவளுக்கென்று ஒரு அறை. அந்த அறைச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் தாலியைப் போலக் கோத்துப் போட்டிருந்தாள். லயத்துப் பெண்கள் ஒருவர் விடாமல் அதைத் தொட்டுப் பார்த்தார்கள்.

பெரியப்பாவுக்கு அந்தச் சாவியைக் கண்டாலே ஆகாது. அப்பாவின் அண்ணன் அவர். தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவரும் அவரே, கோயில் கமிட்டித் தலைவரும் அவரே. இரண்டு தலைமையும் ஒரே தலையில் ஏறியிருந்ததால் அது சற்று கனத்துப் போயிருந்தது. அத்தை வந்து இறங்கிய மறுநாளே பக்கத்துத் தோட்டத்து லொறி டிரைவர் ஒருவரை மாப்பிள்ளை என்று கொண்டுவந்து நிறுத்தினார். கல்யாணம் செய்யமாட்டேன் என்று நான் சொல்லவில்லை, இங்கேயே இருக்கமாட்டேன் என்றுதான் சொல்கிறேன் என்றாள் அத்தை. வெள்ளிக்கிழமை அவளுக்கு விமானம். அதைத் தவறவிட்டால் விசா முடிந்துவிடும், வேலை போய்விடும், மறுபடியும் முதலிலிருந்து ஏஜென்சிக்காரன் வாசலில் நிற்க வேண்டும். அதை அவளே பெரியப்பாவிடம் விளக்கமாகச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் மாரியம்மன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. காப்புக் கட்டும் அன்று பூசாரி தப்பு மேளத்தோடு தோட்டத்தைச் சுற்றி வந்து, ஒவ்வொரு எல்லையிலும் எலுமிச்சம்பழம் வெட்டி எல்லை கட்டுவார். கட்டும்போது எல்லைக்குள் இருப்பவர்கள் பத்து நாள் திருவிழா முடியும்வரை வெளியே இராத் தங்கக் கூடாது. பகலில் லுணுகலைக்குப் போய் சாமான் வாங்கலாம், பதுளை ஆஸ்பத்திரிக்கும் போகலாம், ஆனால் படுக்கைக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். மீறினால் அம்மை போடும் என்று பயம். சண்டியர்கள்கூட மீறியதில்லை.

அந்த வருடம் காப்பு, அத்தையின் விமானத்துக்கு அடுத்து வரும் செவ்வாய் என்றுதான் இருந்தது. திடீரென்று அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை மத்தியானமே தப்பு அடித்துச் சொன்னார்கள், காப்பு இன்றைக்கே என்று. பள்ளிக்கூட லீவு, பிள்ளைகளின் வசதி என்று பெரியப்பா காரணம் சொன்னாராம். அதற்கு முன்னும் பின்னும் அவர் பிள்ளைகளின் வசதியை யோசித்ததாக எனக்கு நினைவில்லை.

அத்தை அப்போது இரவல் மெஷினில் என் திருவிழாக் கவுனைத் தைத்துக்கொண்டிருந்தாள். தப்புச் சத்தத்தை முழுக்கக் கேட்டாள். ஓரம் அடித்து முடித்தாள், நூலைப் பல்லால் கடித்தாள், கவுனை மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேஸை இழுத்தாள். அப்பா வீட்டு முன் திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் சம்பந்தப்பட்ட எந்த விஷயத்திலும் அவர் பார்க்கும் இடம் அதுதான்.

அம்மா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தபோது அத்தை புறப்பட்டுப் போயிருந்தாள். அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். மழை தூறுகிறது, குடையைக் கொண்டுபோய்க் கொடு என்று என்னை அனுப்பினாள்.

தோட்டத்தின் எல்லை ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டினால் பஸ் போகும் ரோடு, ஒரு சிங்கள முதலாளியின் தேநீர்க் கடை. அத்தை பஸ் ஏறிப் போயிருப்பாள் என்று நினைத்து ஓடினேன். அவளோ கடை வாசல் பெஞ்சில், சூட்கேஸைப் பக்கத்தில் வைத்து, கால்மேல் கால் போட்டு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தாள். பஸ் ஒன்று வந்து நின்று போனது, அவள் ஏறவில்லை. ஏன் என்று கேட்டேன். சொல்லாமல் போக நான் என்ன திருடியா என்று கேட்டாள்.

இருட்டுவதற்குச் சற்று முன்னால் தப்பு மேளம் இறங்கி வந்தது. முன்னால் பூசாரி, அவருக்குப் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய பெரியப்பா, பின்னால் பாதித் தோட்டம். பாலத்துக்கு வந்ததும் பெரியப்பா எங்களைக் கண்டுவிட்டார். மேளம் தானாக நின்றது.

"எல்லாரும் பாக்குறாங்க. இங்கிட்டு வா," என்றார்.

அத்தை எழுந்து நின்றாள். அண்ணனுக்கு முன்னால் உட்கார்ந்து பேசக் கூடாது என்பதை அவள் மறக்கவில்லை.

"வர்றேண்ணே. பூசாரி பழத்த வெட்டி முடிக்கட்டும், பின்னாலேயே வர்றேன்."

"சாமியோட வெளையாடுறியா?"

"சாமிக்குப் பயந்துதான் வெளிய வந்து நிக்கிறேன். உள்ள இருந்துட்டு மீறிப் போனா அது சாமி குத்தம். நீங்க நாள மாத்தி எனக்குப் போட்ட கட்டுக்கு நான் எதுக்குப் பயப்படணும்?"

கூட்டத்தில் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. பெரியப்பா பூசாரியின் பக்கம் திரும்பி, இவளுக்குக் கட்டு உண்டா இல்லையா, நீயே சொல் என்றார். பூசாரி கையில் பழத்தோடும் கத்தியோடும் நின்றார். தலைவரைப் பகைத்துக்கொண்டு தோட்டத்தில் பிழைக்க முடியாது. அம்மனைப் பகைத்துக்கொண்டு பூசாரியாக இருக்க முடியாது. பாவம், ரொம்ப நேரம் பழத்தையே பார்த்தார்.

"கட்டும்போது வெளிய இருந்தவங்க விருந்தாளிங்க, தலைவரே. வரலாம், போகலாம். இது நான் வச்ச வழக்கம் இல்ல," என்று சொல்லிவிட்டு, வேறு யாரும் வாய் திறப்பதற்குள் பழத்தை வெட்டிப் பாலத்தின் இரண்டு பக்கமும் எறிந்தார்.

மேளம் மறுபடி தொடங்கியது. ஊர்வலம் திரும்பியது. அத்தை சொன்ன சொல் மாறாமல் குடையை விரித்து என்னிடம் கொடுத்து, ஒரு கையில் சூட்கேஸும் மறு கையில் என் கையுமாக, பாலத்தைத் தாண்டி அதன் பின்னாலேயே நடந்தாள். மேளத்தின் நடைக்கு அவள் நடையும் சேர்ந்துகொண்டது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கூட்டத்தில் எங்கேயோ இருந்த அப்பா பின்தங்கி வந்து சூட்கேஸைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டார். பெரியப்பா திரும்பிப் பார்த்தார். அப்பா அன்றைக்கு மட்டும் கால் விரல்களைப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் அம்மா காத்திருந்தாள். அத்தைக்குக் கால் கழுவ செம்பில் தண்ணீர் கொடுத்தாள். ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். கண்ணாடி அலுமாரியைத் திறந்து பூப்போட்ட பீங்கான் கோப்பையை எடுத்து அதில் தேநீர் கொண்டுவந்தாள். கணக்கப்பிள்ளை, வாத்தியார், தூரத்துச் சொந்தம் என்று வருபவர்களுக்கு மட்டும் இறங்கும் கோப்பை அது. நாங்கள் யாரும் அதில் குடித்ததில்லை. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த அத்தையும் குடித்ததில்லை.

அத்தை கோப்பையைப் பார்த்தாள். பாலத்தில் அத்தனை பேருக்கு முன்னால் நிமிர்ந்து நின்றவள் அதை வாங்கக் கை நீட்டவில்லை.

"என்ன அண்ணி இது? நான் இந்த வீட்டுக்கு விருந்தாளியா?"

"விருந்தாளியா இருந்தாத்தான் உன்ன எவனும் நிப்பாட்ட முடியாது," என்றாள் அம்மா. "குடி, ஆறிடும்."

அத்தை குடித்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் போனாள். இப்போது அந்தத் தையல் கடையின் பலகையில் அவள் பெயர் இருக்கிறது.

ஆனால் அந்தச் சாயங்காலம் எனக்குப் பலகையும் தெரியாது, விசாவும் தெரியாது. அத்தைக்குக் கிடைத்தது பெரிய மரியாதை என்று மட்டும் நினைத்தேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. அம்மா கோப்பையைக் கழுவித் துடைத்து அலுமாரியில் வைக்கும்போது அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு எப்போது இந்தக் கோப்பையில் தேநீர் தருவாய் என்று கேட்டேன்.

அம்மா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அதே இடத்தை வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள். அம்மாவின் கண் அலுமாரியின் மேல் இருந்தது. ஏன் குட்டினாள், குட்டியவள் ஏன் தடவினாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டது ஒரு கோப்பையைத்தான் என்று நினைத்துக்கொண்டு, வலிக்காத தலைக்காக அழுதேன்.