ஆணி இல்லாத சுவர்

பம்மலில் நாங்கள் குடிவந்த அன்று வீட்டுக்காரர் சொன்ன முதல் சட்டம் வாடகையைப் பற்றியது அல்ல. "செவுத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாதும்மா" என்றார். மெட்ராஸ் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சட்டமாம் அது. யாழ்ப்பாணத்தில் சொந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, நான் படுத்தெழும்பும் அறையின் சுவர் வேறொருவருடையது என்பதே புதினமாக இருந்தது. பக்கத்து வீட்டு கஸ்தூரி அக்காவுக்கும் இதே சட்டம்தான். அவர் தலையாட்டிவிட்டு, மறுநாளே காலண்டருக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, புருஷன் சட்டைக்கு ஒன்று என்று அடித்துக்கொண்டாராம். நாங்கள் மூன்று வருடமாக ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. வாடகை வாங்க வரும்போதெல்லாம் வீட்டுக்காரர் சுவரைத் தடவிப் பார்த்து, "சிலோன்காரங்க மாதிரி டீசன்ட்டான ஆளுங்கள நான் பாத்ததே இல்ல" என்று பூரித்துப்போவார். அம்மா சிரித்து வைப்பார். அம்மா ஆணி அடிக்காதது வீட்டுக்காரருக்குப் பயந்து அல்ல. அடுத்த மாதம் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஆணி எதற்கு என்பதுதான் அவருடைய எண்ணம்.

எண்பதுகளின் நடுவில் சண்டைக்குத் தப்பி அம்மாவும் நானும் படகேறி வந்தபோது, வீட்டுக்குக் காவலாக அப்பா அங்கேயே நின்றுவிட்டார். இங்கே எங்கள் முருகன் படம் தரையில் சுவரோடு சாய்ந்து நின்றது. துணியெல்லாம் ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கும் இடையே கட்டிய கயிற்றில் கிடந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு பயணப்பை. ஊர்க்காணியின் உறுதிப் பத்திரமும் என் சான்றிதழ்களும் ஆளுக்கு ஒரு மாற்றுடுப்பும் அதில் எப்போதும் தயாராக இருந்தன. ஊர் திரும்பும் செலவுக்கென்று அம்மா கையில் வைத்திருந்த சோடிக் காப்புக்குப் பெயரே 'போற காசு'. தைப்பொங்கலுக்குப் போய்விடுவோம் என்பார். தை கழிந்தால் சித்திரைக்கு என்பார். இந்தப் பேச்சு எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் அதை நம்பாமலிருக்கவும் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் கஸ்தூரி அக்காவின் புருஷன், தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தவர், ஒரு பயிற்சியைப் பற்றிச் சொன்னார். வெளிநாட்டுக்குப் போகும் தோல் கோட்டுகளுக்கு அளவு பார்த்து வெட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆறு மாதம். முடித்தால் சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் வேலை நிச்சயம் என்றார். போய்க் கேட்டேன், சீட்டும் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். நான் தெருப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்க்கிற காசு அரிசிக்கே இழுபறி. வட்டிக்கு விடுகிற தேவராஜ் அண்ணனிடம் வாங்கினால் இரண்டு வருடத்தில் அடைக்கலாம் என்று கணக்குப் போட்டு அம்மாவிடம் சொன்னேன்.

"ரெண்டு வருசக் கடனோ?" என்றார் அம்மா. "ரெண்டு வருசம் இஞ்ச இருக்கப் போறமெண்டு ஆர் பிள்ளை உனக்குச் சொன்னது?"

"மூண்டு வருசம் இருந்திட்டம், அம்மா."

"கொப்பர் அங்க தனிய இருந்து வழி பாத்துக்கொண்டிருக்கிறார். நாளைக்குச் சண்டை நிண்டால் நான் போயிடுவன். நீ கடன்காரியா இஞ்ச நிப்பியோ?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. கடன் எடுத்தால் அப்பாவை விட்டுவிட்டேன் என்றாகும்; எடுக்காவிட்டால் அடுத்த தைக்கும் இதே கயிற்றில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன். காப்பை அடகு வைக்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டார்.

இருந்தும் தேவராஜ் அண்ணனிடம் கடன் கேட்டுவிட்டேன்; கொடுக்குமுன் எங்கள் வீட்டை ஒருமுறை பார்த்துவிட அவர் புதன்கிழமை வந்தார். நான் கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்காரர் பூரிக்கிற அதே சுவரைப் பார்த்து இவர் முகம் சுருங்கியது.

"அடகுல்லாம் வாணாம்மா. ஆளு இங்க இருப்பாங்கன்னு தெரிஞ்சா எனக்குப் போதும். மூணு வருஷம்னு சொல்றே, ஒரு ஆணி கூட இல்லியே? சாமி படம் கீழ கீது. நாளைக்கு போட்ல ஏறிட்டீங்கன்னா நான் எங்க போய்த் தேடுவேன்?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டைச் சரியாகப் படித்த முதல் ஆள் அவர்தான். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கஸ்தூரி அக்காதான் குறுக்கே வந்தார். "இன்னாண்ணா நீ, ஒரு ஆணிக்குப் போய் இவ்ளோ பேஜார் பண்றே? ஓனர் அடிக்கக் கூடாதுன்னாரு, இவங்க அடிக்கல. நாளைக்கு வா, இந்தப் பொண்ணு கையெழுத்துக்குக் கீழ ஜாமீனா நானும் போடுறேன்." அண்ணன் அரைமனதோடு எழுந்து போனார். அக்கா உண்மையிலேயே அப்படித்தான் நம்பியிருந்தார். நான் திருத்தவில்லை. அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவும் திருத்தவில்லை.

மறுநாள் அண்ணன் வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. சீட்டு போய்விட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன். குடத்தோடு திரும்பியபோது உள்ளே சத்தம் கேட்டது. கஸ்தூரி அக்கா வீட்டுச் சுத்தியலை வாங்கிவந்து அம்மா ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஒன்று வளைந்து தரையில் கிடந்தது. இரண்டாவது இறங்கியது, சுண்ணாம்பு அவர் தலைமயிரில் உதிர்ந்திருந்தது. கண்ணும் கலங்கியிருந்தது. முருகனைத்தான் மாட்டப்போகிறார் என்று படத்தை எடுத்துக் கொடுத்தேன். அம்மா அதை வாங்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்த பயணப்பையைத் தூக்கி ஆணியில் மாட்டினார்.

அன்று மாலை தேவராஜ் அண்ணன் வந்து ஆணியைப் பார்த்தார். பையை அவர் பார்க்கவே இல்லை. பணத்தை என் கையில் கொடுத்தார். கஸ்தூரி அக்கா சொன்னபடியே கையெழுத்துப் போட்டார்.

இப்போது தொண்ணூறுகள். கடன் அடைந்து வருடங்கள் ஆகிவிட்டன. நான் கம்பெனியில் கோட்டு வெட்டுகிறேன்; வீட்டுக்கு வரும்போது கையில் தோல் மணக்கிறது. அப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார். போன மாதம் வெள்ளையடிக்க வந்த பையன், "ஆணியப் புடுங்கிடட்டாம்மா? செவுரு நீட்டா இருக்கும்" என்று கேட்டான். கழற்றிய பையை மடியில் வைத்து, அதன் தூசியைக் காப்புக் கையால் தட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"வேண்டாம் தம்பி, அது இருக்கட்டும்" என்றார்.