ஒட்டுப் போட்ட கைப்பட்டை

கம்பெனி கேட்டை விட்டு வல்லக்கோட்டைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். சட்டைப் பையில் ஒரு காகிதப் பட்டை. கேளிக்கைப் பூங்கா வாசலில் மணிக்கட்டில் சுற்றி ஒட்டுவார்களே, அது. ஒன்று எட்டாமல் இரண்டை ஒட்டி நீளமாக்கியது. எங்கள் லைன் லீடர் அண்ணனுடையது. வீட்டில் வைத்தால் மகள் எடுத்து எடுத்துப் பார்க்கிறாள் என்று என்னிடம் கொடுத்திருந்தார். என்னை வேலையிலிருந்து நிறுத்தியதாக யாரும் சொல்லவில்லை. கான்ட்ராக்ட் ஆளுக்கு அப்படித்தான்; காலையில் கார்டைத் தேய்த்தால் கேட் திறக்காது. பின்னால் நிற்பவன் அவசரப்படுவான். நாமே விலகி நடக்க வேண்டியதுதான். பத்தாவதைப் பாதியில் விட்ட நாளிலிருந்து இப்படிப் பல கேட்டுகளைப் பார்த்தவன் நான். சாட்சிக் கையெழுத்துக்காக மூடிய கேட் இது ஒன்றுதான்.

எங்களுடையது கார் சீட் பெல்ட் செய்யும் லைன். அண்ணன் பென்னலூர்க்காரர், பெரிய உடம்பு. கடைசிச் சோதனை அவர் கையில். ஒவ்வொரு பூட்டையும் மாட்டி, இழுத்துப் பார்த்து, "லாக்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். பார்த்ததைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி.

ஆயுதபூஜை முடிந்து கம்பெனியே எங்களைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனது. ராட்டினத்தில் தோள்மேல் இறங்கிய கம்பி அண்ணன் வயிற்றில் முட்டி நின்றது. இரண்டு ஆட்கள் தொங்கி அழுத்தினார்கள். அரைப் பூட்டில் சிக்கிக்கொண்டு கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. பழக்கதோஷம், "லாக் ஆகல" என்று அண்ணன் உரக்கச் சொல்லிவிட்டார். ராட்டினத்தடியில் மைக்கில் கூவிக்கொண்டிருந்தவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"லாக் ஆவலியாம்பா! சார், உங்களுக்கு இன்னா சீட்டு, லாரிதான் சொல்லி வெக்கணும்."

வரிசையே கைதட்டியது. மெக்கானிக் வந்து கழற்றும்வரை அண்ணன் தன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் ஒரகடம் திரும்புவதற்குள் எவனோ எடுத்த வீடியோ எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பாட்டோடு வந்துவிட்டது. மறுநாளிலிருந்து லைனில் அவர் "லாக்" என்றால் பின்னாலிருந்து எவனாவது "ஆகல" என்று முடிப்பான். அந்தச் சொல்லைச் சொல்லாமல் அவர் வேலை ஓடாது. நாள் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டே நின்றார்.

அண்ணனும் நானும் ஸ்ரீபெரும்புதூர் கோர்ட் பக்கத்து வக்கீலம்மாவிடம் போனோம். ஏற்றாமல் இறக்கியதற்கு வழக்கு நிற்காது, அது பாதுகாப்பு என்றார். மைக்கில் அவமானப்படுத்தியது சேவைக் குறைபாடு. முதலில் நோட்டீஸ், பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையம். டிக்கெட் கம்பெனி எடுத்திருந்தாலும் உள்ளே போனவரும் நுகர்வோர்தான், பட்டையைத் தொலைத்துவிடாதீர்கள் என்றார். ஆனால் அந்த வீடியோவை நாமே கொடுக்க வேண்டும், உடனிருந்த ஒருவர் பிரமாணப் பத்திரமும் தர வேண்டும்.

"துட்டு வாணாம்மா," என்றார் அண்ணன். "அதே மைக்ல சாரி சொல்லட்டும். எறக்கி வுட்டது கரெக்ட்டுதான். லாக் வுழலன்னா நானும் தள்ளித்தான் வெப்பேன். ஆனா எந்த பெல்ட்டப் பாத்தும் நான் சிரிச்சது இல்ல."

லைனில் மற்றவர்கள் நழுவினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். சாட்சியாக என் பெயரோடு நோட்டீஸ் போனது, பூங்காவிலிருந்து எங்கள் ஆபீஸுக்குப் பேச்சு வந்தது, என் கார்டு செத்தது.

நடக்கும்போதே அண்ணன் போன் செய்தார். "நான் வாபஸ் வாங்கிக்கிறேன் தம்பி. நீ உள்ள வந்துடு."

"வாங்காதீங்கண்ணே. எனக்கு வேற கேட் கிடைக்கும்," என்றேன்.

கிடைத்தது. மறுநாள் காலை ஒரகடம் கூட்டு ரோட்டில் ஆள் எடுக்கும் வேனில் ஏறினேன். எங்கே என்று கேட்கும் வழக்கம் எனக்கில்லை. இறக்கிவிட்ட இடம் அதே பூங்கா. நான் எதிர்த்துக் கையெழுத்துப் போட்ட இடத்தின் சட்டையையே கொடுத்து என் சட்டைக்கு மேலே மாட்டச் சொன்னார்கள். வேன் சாயங்காலம்தான் திரும்பும். வாசலில் பட்டை ஒட்டும் வேலை. உள்ளே அந்த மைக் பேச ஆரம்பித்திருந்தது.

பிள்ளைகளோடு ஓர் அம்மா கையை நீட்டினார். பட்டை எட்டவில்லை. அவர் திரும்பி வரிசையைப் பார்த்தார். நான் மேசைக்கடியில் இரண்டை ஒட்டி, ஒட்டு தெரியாதபடி உள்கைப் பக்கம் திருப்பிச் சுற்றிவிட்டேன். குனிந்தபோது அந்தச் சட்டைக்குள், என் பையில் இருந்த அண்ணனின் பட்டை மடங்கியது.