தூர்லைவ் இழுத்த மூச்சு

தூர்லைவ் ஹெக்ஸெமுக்கு ஐம்பத்தாறு வயசு. திரோண்ட்ஹெய்ம் நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர். சிகரெட் பழக்கம் கிடையாது. மேலுதட்டுக்குள் ஒரு புகையிலைப் பொட்டலத்தை மட்டும் எந்நேரமும் அதக்கி வைத்திருப்பார். நோய் நொடி என்று படுத்ததே இல்லை. அப்படிப்பட்ட ஆட்கள் தேவை என்று பல்கலைக்கழகத்துக்காரர்கள் டிப்போவில் காபி குடிக்கிற அறைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு மனுஷன் உடம்பில் ஓடும் ரத்தத்தில் ஹீமோகுளோபின் மொத்தம் எத்தனை கிராம் இருக்கிறது என்பதை இரண்டு முறைகளில் அளந்து ஒப்பிடப் போகிறார்களாம். இரண்டுக்கும் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு வாயுவை இழுக்க வேண்டுமாம்.

அந்த வாயுவின் பெயரைப் பார்த்துத்தான் தூர்லைவ் பெயர் கொடுத்தார்.

வீட்டில் சொன்னதும் மனைவி யோருன் குதித்தாள்.

"யோவ், புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா? உன் தம்பியக் கொண்டுபோன சனியனத் தேடிப் போய் இழுக்கப் போறியா?"

"கொஞ்சூண்டுதான்."

"கொஞ்சூண்டு எதுக்கு? நம்ம அடுப்புல பொகக்குழாய்த் தகட்ட மூடிட்டு உக்காரு, நெறையவே கெடைக்கும்!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ரொட்டிக்குப் பழுப்புச் சீஸ் சீவிக்கொண்டிருந்த கை நின்றுபோனது.

தம்பி பெயர் எய்லிவ். செத்தபோது இருபத்து மூன்று வயசு. மலை மேல் இருந்த குடும்பக் குடிலில் அண்ணனும் தம்பியும் வாரக் கடைசிக்குப் போயிருந்தார்கள். ஞாயிறு சாயங்காலம் தூர்லைவ் வேலைக்காகக் கீழே இறங்கிவிட்டார். எய்லிவ் ஒரு ராத்திரி இருந்துவிட்டு வருகிறேன் என்று தங்கினான். கடுங்குளிர். விறகு எரிந்து முடிந்ததும், சூடு வெளியே போகாமல் இருக்கப் புகைக்குழாய்த் தகட்டை மூடுவது அங்கே எல்லாரும் செய்வதுதான். தணல் முழுசாக அவிந்த பிறகு மூட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வாயு அறைக்குள்ளேயே நிறைந்துவிடும். எய்லிவ் அவசரப்பட்டுவிட்டான்.

மறுநாள் தம்பி இறங்கி வரவில்லையே என்று மேலே போய்க் கதவைத் திறந்தது தூர்லைவ்தான். எய்லிவ் கதவோரம் தரையில் கிடந்தான். ஒரு காலில் பூட்ஸ் இருந்தது, இன்னொன்றில் இல்லை.

தூக்கத்திலேயே போயிருப்பான், ஒன்றும் தெரிந்திருக்காது என்று பாதிரியார் முதற்கொண்டு எல்லாரும் சொன்னார்கள். தூர்லைவ் தலையாட்டிக்கொண்டார், நம்பவில்லை. தெரியாமல் போனவன் எதற்கு பூட்ஸ் மாட்டினான்? வெளியே ஓடப் பார்த்திருக்கிறான். மூச்சு முட்டியிருக்கும். அண்ணா என்றுகூடக் கூப்பிட்டிருப்பான். முப்பது வருஷத்துக்கு மேலாக பஸ் ஓட்டும்போதும் சாப்பிடும்போதும் இதே நினைப்பு. அந்த வாயு உள்ளே போனால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

சோதனைச் சாலையில் சுன்னிவா என்று ஒரு பெண். அவர் மகள் வயசுதான் இருக்கும். உப்பை வைத்து விளக்கினாள்.

"மூடியிருக்கிற பானையில எவ்வளவு சூப் இருக்குன்னு தெரியல. ஒரு கரண்டி உப்புப் போட்டுக் கலக்கி, ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாக்கிறோம். கரிப்பு ஜாஸ்தின்னா சூப்பு கம்மி. கரிப்பு கம்மின்னா சூப்பு ஜாஸ்தி. உப்புக்குப் பதிலா இந்த வாயு. அது போய் ஹீமோகுளோபின்ல ஒட்டிக்கும். உங்க விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாத்தா மொத்தக் கணக்கும் வந்துரும். மொதல்ல உதட்டுல இருக்கிறத துப்புங்க."

முதல் நாள் புது முறை. இரண்டே நிமிஷ வேலை. மூக்கில் கிளிப்பு, வாயில் குழாய். தூர்லைவ் கண்ணை இறுக மூடிக்கொண்டு முடித்துவிட்டார். எண்ணூற்றுச் சொச்சம் கிராம் வந்தது.

அடுத்த வாரம் பழைய முறை. கால் மணி நேரம் ஒரு பைக்குள்ளேயே மூச்சை விட்டு இழுக்க வேண்டும். முடிந்ததும் சுன்னிவா கணக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"ஆயிரத்து நூறு கிராமா! நீங்க பஸ் ஓட்டுறீங்களா, இல்ல பஸ்ஸ முதுகுல தூக்கிட்டு ஓடுறீங்களா? பனிச்சறுக்கு வீரர்களுக்குத்தான் இவ்வளவு வரும்."

தூர்லைவ் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு அடங்கிப்போனது.

"வாயோரமா கசிஞ்சிருக்கு. கொஞ்சம் உப்பு பானைக்கு வெளிய விழுந்தா கரிப்பு கம்மியாத்தானே தெரியும்? அதான் பானை பெருசுன்னு கணக்கு காட்டுது. பொட்டலத்த எடுத்துட்டீங்கதானே?"

"எடுத்துட்டேன்மா. நான் இறுக்கித்தான் புடிச்சேன். பாதியில வாய் தானா தொறந்துக்கிச்சு. இது எந்தம்பியக் கொன்ன வாயு."

குடில், தகடு, பூட்ஸ் எல்லாவற்றையும் சொன்னார். சுன்னிவா கையுறையைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்க பேர எடுத்துடறேன். நீங்க இனிமே வர வேண்டாம்."

"எடுத்துடாதம்மா. இன்னொரு தடவ செய்யணும்."

"தூர்லைவ், ஒண்ணு சொல்லிடறேன். உங்களுக்குக் குடுக்கிறது ரொம்பக் கொஞ்சம். உங்க தம்பிக்கு என்ன தெரிஞ்சுதுன்னு இத வச்சு என்னாலயும் சொல்ல முடியாது, உங்களாலயும் முடியாது."

"சரி. இருந்தாலும் செய்யணும்."

மறுவாரம் போனார். இந்தத் தடவை கசிந்தால் கத்துகிற ஒரு சின்னக் கருவியை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சுன்னிவாவே நின்றாள். தூர்லைவ் கண்ணை மூடவில்லை. வாசனை வரும் என்று பார்த்தார், வரவில்லை. கசப்பு, எரிச்சல், நெஞ்சடைப்பு ஒன்றுமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒருத்தன் சைக்கிள் மேல் விழுந்திருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தான். பாதியில் வாய் திறந்துகொள்ளப் பார்த்தது. கையால் உதட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கருவி கடைசிவரை கத்தவில்லை.

எண்ணூற்றுச் சொச்சம். முதல் நாள் வந்த கணக்கை ஒட்டியே வந்துவிட்டது.

"ரெண்டும் ஒத்துப்போச்சு," என்றாள் சுன்னிவா. தூர்லைவ் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு பூட்ஸைக் கழற்றினார். மற்றதற்குக் கை போகவில்லை. இழுக்கும்போது ஒன்றுமே தெரியவில்லையே, ஒன்றுமே தெரியவில்லையே என்று அதையே நினைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார்.

யோருன் எட்டிப் பார்த்தாள்.

"என்னய்யா, ஒத்தக் காலு பூட்ஸோட உக்காந்திருக்க? வர்றியா, போறியா?"

தூர்லைவ் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"பாக்கிறவங்களுக்கு அது தெரியாதுல்ல?" என்றார்.

"எது?"

"மாட்டிக்கிட்டு இருந்தானா, கழட்டிக்கிட்டு இருந்தானான்னு."

யோருனுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் வந்து அவர் முன்னால் மண்டியிட்டு, அந்த இன்னொரு பூட்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.