அலுமாரிக்குள் அடங்கும் அன்ரெனா

எங்கள் வாடகை ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவின்படி, வீட்டுச் சொந்தக்காரரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெளிச்சுவரிலோ பல்கனியிலோ கம்பி, குழாய், தடி எதையும் பொருத்தக்கூடாது. உடுப்புக் காயப்போடும் கொடிக்கம்பியைப் பற்றி அந்தப் பிரிவு ஒன்றும் சொல்லவில்லை. அதை எழுதிய நொத்தாரிசு ஒருநாளும் உடுப்புத் தோய்த்தவராக இருந்திருக்க மாட்டார்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிவீட்டின் மேல்தட்டில் நாங்கள் குடியிருந்தோம். சண்டைக் காலம். அம்மாவின் தங்கையான என் சின்னம்மா ஊரில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை. கடிதம் போய்ச் சேருவதும் சேராததும் கடிதத்தின் விருப்பம். அங்கே என்ன நடக்கிறது என்று அறிய எங்களுக்கு இருந்த ஒரே வழி, மாலையில் சிற்றலையில் வரும் வெளிநாட்டுத் தமிழ்ச் செய்திதான். உள்ளூர் வானொலியிலும் செய்தி உண்டு. அதன்படி நாட்டில் எல்லாரும் நலமாக இருந்தார்கள்.

ஆனால் அந்தக் கொங்கிறீட் வீட்டுக்குள் சிற்றலை நுழைய மறுத்தது. செய்தி வாசிப்பவர் கழுத்தளவு கடலில் நின்று வாசிப்பதுபோல் இருக்கும். முக்கியமான இடம் வரும்போது அலை அவரை மூடிவிடும். பல்கனியிலிருந்து தென்னைமரத்துக்கு ஒரு நீளக் கம்பி கட்டினால் சரிவரும் என்றார், எங்களோடு தங்கியிருந்த மாமா. அவர் அம்மாவின் தம்பி. அரசாங்கக் கந்தோரில் வேலைசெய்த அப்பா ஏழாம் பிரிவை எடுத்துக் காட்டினார். பிறகு கனடாவில் இருந்த வீட்டுச் சொந்தக்காரருக்கு முறைப்படி அனுமதி கேட்டு எழுதினார். பதில் வரவில்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுக்கலாம் என்றார் மாமா. அப்படி எந்தச் சுற்றுநிருபமும் இல்லை என்றார் அப்பா.

அப்போதுதான் மாமா அக்டிவ் அன்ரெனா என்ற ஒன்றைப் பற்றி எங்கேயோ அறிந்துகொண்டு வந்தார்.

"கம்பியே தேவையில்லை அத்தான். முழ நீளத்தில ஒரு குச்சி, அடியில ஒரு சின்னப் பெட்டி. பெட்டிக்குள்ள பற்றரி. குச்சி பிடிக்கிற கொஞ்சத்தைப் பெட்டி பெருக்கிக் குடுக்கும்."

"வீட்டுக்குள்ள வைக்கலாமோ?"

"ஓம், மேசையில வைக்கலாம்."

அப்பா ஒப்பந்தத்தை இன்னொரு தரம் வாசித்தார். மேசையைப் பற்றித் தடை எதுவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை நால்வரும் பஸ் ஏறிக் கோட்டைக்குப் போய், புறக்கோட்டையில் ஒரு முஸ்லிம் நானாவின் வானொலிக் கடைக்கு நடந்தோம். நானா இரண்டு சாமான்களை எடுத்து வைத்தார். ஒன்று மாமா சொன்ன குச்சி. மற்றது பெட்டியின் மேல் ஒரு பெரிய வளையம், சுளகு அளவு இருக்கும்.

"இந்தக் குச்சிய இழுத்து வச்சா லண்டன் ஒங்க ஊட்டுக்குள்ள வரும் சேர்," என்றார் நானா. "இந்த வளையம் இன்னம் நல்லம். இரைச்சல் வந்தா அப்பிடியே திருப்பினாச் சரி, இரைச்சல் போயிரும்."

இரண்டையும் ஒரு வானொலியில் மாட்டிக் காட்டினார். கடை முழுக்க ரியூப் லைற். இரண்டும் ஒரே மாதிரி இரைந்தன. அப்பா உத்தரவாதப் பத்திரம் எதற்கு உண்டு என்று கேட்டார். எதற்கும் இல்லை. மாமா எது அதிகம் பெருக்கும் என்று கேட்டார். குச்சி என்றார் நானா. வளையம்தான் தெளிவு என்றும் சொன்னார். இருவரும் கடைவாசலில் நின்று நெடுநேரம் வாதாடினார்கள்.

அதுவரை வாய் திறக்காத அம்மா கேட்டார்: "நானா, ஆரும் வந்து கதவைத் தட்டினா, கெதியா எடுத்து அலுமாரிக்குள்ள வைக்கக்கூடியது எது?"

நானா அம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு குச்சியை மடக்கி, பெட்டியோடு சேர்த்து ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார். வாதம் அத்தோடு முடிந்தது. வீட்டுக்கு விருந்தாளிகள் வரும்போது மேசை துப்புரவாக இருக்கவேண்டும் என்பதில் அம்மாவுக்கு இருந்த பிடிவாதம் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

வீட்டில் குச்சியை இழுத்து நிமிர்த்தினோம். லண்டன் வந்தது. இரைச்சலும் கூடவே, முன்னைவிடப் பெரிதாக, வந்தது. பெருக்கும் பெட்டி பாரபட்சம் பார்க்கவில்லை.

"குச்சி காணாது, இன்னும் நீளம் வேணும்," என்றார் மாமா. அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து, குச்சியையும் பல்கனிக் கொடிக்கம்பியையும் ஒரு துண்டு வயரால் இணைத்தார். கம்பியில் அம்மாவின் சீலை இரண்டு காய்ந்துகொண்டிருந்தன. மாமா வானொலியைத் திருகினார். லண்டன் இருந்த இடத்தில் உள்ளூர் வானொலியின் விவசாய நிகழ்ச்சி. டில்லி இருந்த இடத்திலும் அதுவே. ஊசியை எந்த நாட்டுக்கு நகர்த்தினாலும் ஒருவர் நெற்பயிருக்கு யூரியா போடும் முறையை விளக்கினார். அருகிலிருந்த பெரிய நிலையத்தின் அலை கொடிக்கம்பி வழியாக மொத்தமாக இறங்கி, பெட்டியைத் திக்குமுக்காடச் செய்திருந்தது.

"உலகம் முழுக்க நல்ல விளைச்சல் போல கிடக்கு," என்றார் தலை துவட்டியபடி வந்த அப்பா. "தம்பி, வயரைக் கழட்டும்."

அம்மாதான் நானாவின் கடை விளக்குகளை நினைத்திருக்க வேண்டும். எழுந்துபோய் எங்கள் ரியூப் லைற்றை அணைத்தார். இரைச்சலில் பாதி விழுந்தது. பிறிஜ்ஜின் வயரையும் கழற்றினார். இன்னும் கொஞ்சம் விழுந்தது. அன்றிலிருந்து செய்தி நேரத்தில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்தோம். ஆனாலும் ஒரு மெல்லிய உறுமல் மிச்சம் இருந்தது.

நாலைந்து நாள் கழித்து, செய்தி நடந்துகொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. மாமா குச்சியை மடக்கினார், அப்பா அலுமாரியைத் திறந்தார். வந்தவர் கீழ்வீட்டுச் சிங்கள ஆன்ரி. கையில் மெழுகுதிரி.

"நங்கி, லைற் நெத்த?" என்றார். வீடு ஒவ்வொரு நாளும் இருண்டு கிடக்கிறதே, பியூஸ் போய்விட்டதா என்ற கவலை அவருக்கு. அம்மாவை அவர் எப்போதும் நங்கி, தங்கச்சி, என்றே கூப்பிடுவார்.

அம்மா அவரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு மாமாவின் கையிலிருந்த குச்சியை வாங்கி மேசையில் வைத்து, தன் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். தங்கை ஊரில் இருக்கிறாள் என்பதையும் சொன்னார். ஆன்ரி இருந்து தேத்தண்ணி குடித்தார். விளங்காத மொழியில் செய்தியை முடிவுவரை கேட்டார். மறுநாள் மாலை அந்த மிச்ச உறுமலும் இல்லை. பல்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழ்வீட்டிலும் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. மின்சாரக் கட்டணத்தை மிச்சம்பிடிக்கும் யோசனையை எங்களிடமிருந்து அவர்கள் படித்துக்கொண்டார்கள் என்று எனக்குப் பெருமை.

இப்போது செய்தி மணி அடித்ததுபோல் கேட்டது. எனக்கு அதில் ஒரே ஒரு குறை. எங்கள் ஊரின் பெயர் வருவதில்லை. அக்கம்பக்கத்து ஊர்கள் எல்லாம் வந்தன. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் ஊர் இரண்டு தரம் வந்துவிட்டது, பெருமையில்போல, அவளால் பாடசாலையில் இருக்க முடியவில்லை. அம்மாவோ கடைசிச் சொல் வரை அசையாமல் கேட்பார். முடிந்ததும், "சரி, எல்லாரும் சாப்பிட வாங்கோ" என்று உற்சாகமாக எழும்புவார். இவ்வளவு பாடுபட்டு அன்ரெனா வாங்கி, எங்கள் ஊரைத் திரும்பியும் பாராத ஒரு செய்தியைக் கேட்டுவிட்டு, ஒருவர் எப்படி இத்தனை சந்தோஷமாக இடியப்பம் பரிமாற முடியும் என்று நான் யோசிப்பேன்.

கார்த்திகை விளக்கீடு முடிந்த சில நாளில், ஒரு மாலை, சொதி திரைந்துவிடும் என்று அம்மா செய்தியின் நடுவில் குசினிக்கு எழுந்து போனார். அப்பாவும் மாமாவும் இன்னும் வந்து சேரவில்லை. நான் தனியே இருந்தேன். அப்போது வந்தது எங்கள் ஊரின் பெயர். துளி இரைச்சல் இல்லை, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது. கைதட்டிக்கொண்டு குசினிக்கு ஓடினேன்.

"அம்மா! எங்கட ஊரைச் சொல்லிப்போட்டினம்! லண்டனில சொல்லிப்போட்டினம்!"

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். "என்னவாம் பிள்ளை?"

"அது தெரியாது. பேர் நல்ல வடிவாக் கேட்டது."

அம்மா வானொலிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தபோது செய்தி வேறொரு நாட்டுக்குப் போய்விட்டிருந்தது. சொதி திரைந்தது. என்னோடு சேர்ந்து ஒருவராவது கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு மிகுந்த ஏமாற்றம். நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தேன். அம்மாவும் சாப்பிடவில்லை, சின்னம்மாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு என்மேல் என்ன கோபம் என்று எனக்கு விளங்கவில்லை.

எல்லாரும் சுகம், கூரையில் நாலு ஓடு மட்டும் போய்விட்டது என்று சின்னம்மா தன் கைப்பட எழுதிய பதில் வந்து சேர்ந்தது, மாட்டுப்பொங்கல் அன்று.